நூலில் நிற்கும் விடுதியும் நிலத்தில் நிற்கும் விடுதியும்

அரண்மனைகளைக் காக்க அரசு முன்வருகிறது. வழிபாட்டிடங்களைக் காக்க வழிபடுவோர் இருக்கின்றனர். கோட்டைகளைச் சுற்றி வேலியிட்டுக் காவலரை நிறுத்துகின்றனர். ஆனால் எங்கிருந்தோ வந்து, ஓரிரவு தலைசாய்த்து, விடியுமுன் எழுந்து தன் வழியே சென்றுவிட்ட வழிப்போக்கனின் விடுதியைக் காக்க யார் வருவார்? அங்குத் தங்கியவர் எவரும் அவ்வூரார் அல்லர். அவ்வூரார் எவரும் அங்குத் தங்கியவர் அல்லர். உரிமை கொண்டாட ஆளில்லாத நினைவுச் சின்னம் வழிப்போக்கர் விடுதியேயாகும்.

இவ்வெண்ணம் எமக்குத் தோன்றியது ஒரு வகுப்பறை வினாவினால். எம் கல்லூரியின் ஆங்கிலத்துறை நண்பர் ஒருவர் சாசர் இயற்றிய கேண்டர்பரிக் கதைகளை நடத்திக்கொண்டிருந்தார். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பெற்ற அக்கதைத் தொகுதி, இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சவுத்வார்க்கில், 'டாபர்டு' என்னும் விடுதியில் தொடங்குகிறது. கேண்டர்பரித் திருத்தலம் நோக்கிப் புறப்பட்ட பயணியர் அங்கே ஓரிரவு தங்குகின்றனர். விடுதியாளர் கூறிய யோசனையை ஏற்று, வழிநெடுகக் கதை சொல்லிக்கொண்டு செல்ல உடன்படுகின்றனர். "ஐயா, அந்த விடுதி இன்னும் இருக்கிறதா?" என்று ஒரு மாணவர் கேட்டாராம். நண்பருக்கு விடை தெரியவில்லை. ஓய்வறைக்கு வந்து அவ்வினாவை எம்மிடம் வைத்தார், எமக்கும் தெரியவில்லை. நூலகத்தில் தேடியபின் அறிந்தோம்: அவ்விடுதி இல்லை. 1873-இல் அதனை இடித்துவிட்டனர்.

ஆனால் அதற்கு மிக அருகில், அதே தெருவில், மற்றொரு விடுதி இன்றும் நிற்கிறது. அதன் பெயர் 'ஜார்ஜ்'. குதிரை வண்டிகள் வந்து தங்கிய காலத்து விடுதிகளுள், முற்றத்தை நோக்கிய நடைமாடங்களோடு இலண்டனில் எஞ்சியிருப்பது இஃதொன்றே. உலகப் புகழ்பெற்ற காவியத்தில் இடம்பெற்ற விடுதி நிலத்தில் இல்லை. அத்துணைப் புகழ் வாய்க்காத விடுதி நிலத்தில் உள்ளது. இலக்கியம் கற்பிக்கும் எம் போன்றோர் நெஞ்சைச் சுடவேண்டிய முரண் இது என்பதே இக்கட்டுரையின் கருத்து. யாம் அவ்விடுதியை நேரிற் கண்டதில்லை. நூல்களாலும் படங்களாலும் அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

பாலத்தின் தலைமாட்டில்

சவுத்வார்க்கில் மட்டும் இத்தனை விடுதிகள் ஏன் தோன்றின? இவ்வினாவிற்குத் தேம்ஸ் ஆறு விடை கூறும். 1209-இல் கட்டி முடிக்கப்பெற்ற கற்பாலமே, 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்பெறும்வரை, இலண்டன் மாநகரின் நடுவே ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம். தெற்கேயிருந்து வந்த சாலைகள் எல்லாம் அதன் தென்முனையில் வந்து கூடின. இரவில் பாலத்து வாயிற்கதவு அடைக்கப்பெறும். அந்தி சாய்ந்தபின் வந்து சேர்ந்தவர் மறுநாட் காலைவரை இக்கரையிலேயே தங்கியாக வேண்டும். விடியலில் தெற்கு நோக்கிப் புறப்பட வேண்டியவரோ முதல்நாளே பாலத்தைக் கடந்து வந்து இங்குத் தங்குவர். வருவோரும் போவோரும் ஆகிய இருதிறத்தாருக்கும் இருப்பிடம் தந்த தெரு அது.

1598-இல் இலண்டன் நகர வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ, அத்தெருவின் விடுதிகளை வரிசைப்படுத்துகையில் டாபர்டையும் ஜார்ஜையும் ஒருங்கே குறிப்பிடுகிறார். எனவே ஜார்ஜ் அதற்கும் முற்பட்டது என்பது தெளிவு. எனினும் இன்று நாம் படங்களிற் காணும் கட்டடம் அவர் கண்டதன்று. 1676-இல் சவுத்வார்க்கைச் சுட்டெரித்த பெருந்தீயில் டாபர்டும் அழிந்தது, ஜார்ஜும் அழிந்தது. மறு ஆண்டே, 1677-இல், ஜார்ஜ் மீண்டும் எழுப்பப்பெற்றது. டாபர்டும் மீண்டும் எழுந்தது. பின்னாளில் 'டால்பட்' என்ற பெயரால் வழங்கலாயிற்று.

ஈண்டு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் நலம். ஷேக்ஸ்பியர் இவ்விடுதியில் அமர்ந்திருந்தார் என்று சிலர் பெருமிதத்துடன் கூறுவதுண்டு. அவருடைய நாடகங்கள் அரங்கேறிய 'குளோப்' அரங்கம் அருகில் இருந்தது உண்மையே. ஆயின் அவர் மறைந்தது 1616-இல். இக்கட்டடம் எழுந்தது 1677-இல். பழையதைப் போற்றுவதற்குப் பொய் துணையாக வேண்டுவதில்லை.

வண்டியும் குதிரையும்

இத்தகைய விடுதிகளின் பொற்காலம் 18-ஆம் நூற்றாண்டும் 19-ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியுமாகும். கட்டணம் பெற்றுக்கொண்டு, குறித்த நாளில், குறித்த வழியில், பயணியரை ஏற்றிச் செல்லும் பெரிய குதிரை வண்டிகள் அக்காலத்தில் ஓடின. அவற்றைக் கோச்சு வண்டி என்பர். நெடுவழியைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒருமுறை களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதிய குதிரைகளைப் பூட்டுவர். அவ்வாறு பூட்டும் இடமே விடுதி. ஆகவே விடுதி என்பது மனிதர்க்குக் கூரை மட்டுமன்று. குதிரைகளுக்குத் தொழுவம், வண்டிகளுக்கு நிறுத்தம், சரக்குகளுக்குக் கிடங்கு, செய்திகளுக்குச் சந்தை ஆகிய அனைத்துமாகும்.

1784-இல் ஜான் பாமர் என்பார் பிரிஸ்டலுக்கும் இலண்டனுக்கும் இடையே அஞ்சல் வண்டியை ஓட்டிக் காட்டினார். மாலை 4 மணிக்குப் புறப்பட்ட வண்டி மறுநாட் காலை 8 மணிக்கு இலண்டனை அடைந்தது. 16 மணி நேரத்தில் அத்தொலைவைக் கடந்தது அந்நாளில் வியப்பாகப் பேசப்பட்டது. பின்னர் மக்காடம் என்பாரின் முறைப்படி உடைகல் பரப்பிய சாலைகள் வந்தன. வேகம் மேலும் கூடிற்று. 'ஜார்ஜ்' முற்றத்திலிருந்து தென்கிழக்குச் சீமைகளாகிய கெண்ட், சசெக்ஸ் முதலியவற்றுக்கு வண்டிகள் புறப்பட்டன.

இதனைப் பேசுங்கால் அக்காலத்தைப் பொற்காலமென்று மயங்கிவிடலும் ஆகாது. வண்டியினுள்ளே அமர்ந்தோர் மிகுந்த கட்டணம் செலுத்தினர். ஏறத்தாழப் பாதிக் கட்டணம் செலுத்தியோர் கூரைமேல், மழையிலும் பனியிலும், பிடித்துக்கொண்டு அமர்ந்து வந்தனர். உள்ளிருந்தார்க்கும் வெளியிருந்தார்க்கும் இடையே மதிப்பிலும் வேறுபாடு இருந்தது. கடுவழியில் விரைந்தோடிய குதிரைகள் சில ஆண்டுகளிலேயே உழைக்க இயலாது ஓய்ந்தன. விடுதியின் வரலாறு இவற்றையும் உள்ளடக்கியதே. மன்னரின் வரலாற்றைக் கோட்டை கூறும். கூரைமேல் நனைந்து வந்த எளிய மனிதனின் வரலாற்றைக் கூற விடுதியை விட்டால் வேறு கட்டடம் ஏது?

கட்டட அமைப்பு

தெருவை நோக்கிய முகப்பு குறுகியது. உள்நோக்கிச் செல்லும் மனையோ நெடியது. தெருவோரத்து நிலம் விலைமிக்கதாகலின் அங்குக் கடைகள் நெருங்கி நின்றன. அவற்றின் நடுவே, வண்டியொன்று நுழையுமளவு உயரமும் அகலமும் உடைய வாயில். அதன்வழி உள்ளே சென்றால் நீண்ட முற்றம். முற்றத்தைச் சூழ மாடிகள். அதற்கும் பின்னே குதிரைத் தொழுவங்களும் சுமைவண்டிகள் நிற்கும் கொல்லையும். தெருவில் நின்று பார்ப்பவனுக்கு உள்ளே இத்துணைப் பெரிய உலகம் இருப்பது தெரியாது.

இவ்விடுதியின் தனிச்சிறப்பு அதன் நடைமாடங்கள். முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் முற்றத்தை நோக்கித் திறந்த நீண்ட தாழ்வாரங்கள் மரத்தால் அமைந்துள்ளன. அவற்றின் விளிம்பில் கடைந்தெடுத்த மரக்கம்பங்களாலாகிய கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. படுக்கையறைகளின் கதவுகள் இத்தாழ்வாரத்தில் திறக்கும். கட்டடத்தினுள்ளே இருண்ட நடைவழி அமைத்து இடத்தை வீணாக்காமல், நடைவழியையே வெளியே கொண்டுவந்து தொங்கவிட்டனர் அக்காலத்துத் தச்சர். இதனால் அறைக்குக் காற்றும் ஒளியும் கிடைத்தன. மேலே நின்றபடியே தம் வண்டி பூட்டப்பெறுவதைப் பயணியர் கண்டனர். கீழே நின்றபடியே பணியாள் குரல்கொடுத்துத் துயிலெழுப்பினான். பயனிலிருந்தே அழகு பிறந்தது.

இத்தகைய விடுதி முற்றங்களில் 16-ஆம் நூற்றாண்டில் நாடகக் குழுவினர் மேடையிட்டு நடித்தனர். ஏழையர் முற்றத்தில் நின்றும், வசதியுடையோர் மாடத்தில் அமர்ந்தும் கண்டனர். நடுவே திறந்த வெளியும் சுற்றிலும் அடுக்கடுக்கான மாடங்களும் கொண்டெழுந்த அந்நாளைய நாடக அரங்குகளுக்கு விடுதி முற்றமும் ஒரு முன்மாதிரியாயிற்று என்பர்.

கீழ்த்தளத்தில் தாழ்ந்த கூரையும் மரப்பலகை பதித்த சுவர்களுமுடைய உணவறைகள் உள்ளன. அங்கே மாட்டப்பட்டுள்ள பெரிய கடிகாரத்தை 'நாடாளுமன்றச் சட்டக் கடிகாரம்' என்பர். 1797-இல் பிரதமர் இளைய பிட் கடிகாரங்களுக்கு வரி விதித்தபோது, பலர் சொந்தக் கடிகாரத்தைக் கைவிட்டு விடுதிக் கடிகாரத்தையே நம்பினராம். அதனால் அப்பெயர் வந்தது. அவ்வரி மறு ஆண்டே நீக்கப்பெற்றது. அத்தகைய பெருங்கடிகாரங்கள் விடுதிகளில் அதற்கு முன்பும் இருந்தன. வரி தந்தது பெயரை மட்டுமே. வண்டி புறப்படும் நேரமே விடுதியின் உயிர்நாடியாதலின் கடிகாரம் அங்கு அணிகலனன்று, கருவி.

நடுவே முற்றம், ஒற்றை வாயில், சுற்றிலும் அறைகள், ஒருபால் விலங்குகள் என்னும் இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. துருக்கியில் கொன்யாவுக்கும் அக்சராய்க்கும் இடைப்பட்ட வணிகப் பெருவழியில் 1229-இல் எழுந்த 'சுல்தான் ஹான்' என்னும் சராயும் நடுமுற்றமும் ஒற்றைப் பெருவாயிலும் உடையதே. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுக் கொத்தரும் தச்சரும் ஒரே வடிவத்தைக் கண்டடைந்தனர். வழிப்போக்கனின் தேவை எந்நாட்டிலும் ஒன்றேயன்றோ!

புகைவண்டி வந்தது

1836-ஆம் ஆண்டு நோக்கத்தக்கது. அவ்வாண்டில் இளைஞராகிய டிக்கன்ஸ் தம் 'பிக்விக்' கதையைத் திங்கள்தோறும் வெளியிடத் தொடங்கினார். அதில் சவுத்வார்க்கின் 'ஒயிட் ஹார்ட்' விடுதி முற்றத்தில்தான் சாம் வெல்லர் என்னும் மறக்கவொண்ணாப் பாத்திரம் முதன்முதலாகத் தோன்றுகிறது. அதே ஆண்டு டிசம்பரில், அம்முற்றத்திலிருந்து சில நிமிட நடைத்தொலைவில், 'இலண்டன் பாலம்' புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றது. கோச்சு வண்டி விடுதி இலக்கியத்தில் நிலைபெற்ற ஆண்டிலேயே அதன் வாழ்வுக்கு முடிவு குறிக்கப்பட்டது.

பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டாத ஊர்திக்குப் பத்து மைலுக்கு ஒரு விடுதி வேண்டியதில்லை. பயணியர் குறைந்தனர், தொழுவங்கள் ஒழிந்தன, முற்றங்கள் சரக்குக் கிடங்குகளாயின. 1873-இல் டாபர்டு இடிக்கப்பெற்றது. 1889-இல் ஒயிட் ஹார்ட் இடிக்கப்பெற்றது. ஜார்ஜும் தப்பவில்லை. அதனைத் தன் கிடங்காகப் பயன்படுத்திய வடபெரும் இருப்புப்பாதை நிறுவனம், அதே 1889-இல் முற்றத்தின் இரு புறங்களிலிருந்த மாடங்களை இடித்துத் தள்ளியது. எஞ்சியது தென்புறத்துக் கட்டடம் மட்டுமே. இன்று உலகம் வியந்து காண்பது, சிதைவில் தப்பிய அந்த ஒரு பக்கத்தைத்தான்.

புகழ் காத்ததா?

இங்குத்தான் இலக்கியத்தார் சற்றே நின்று தம்மைத் தாம் வினவிக்கொள்ள வேண்டும்.

ஆங்கில இலக்கியத்தின் தலைவாயில் என்று போற்றப்பெறும் நூல் எந்த விடுதியில் தொடங்குகிறதோ, அதன் பெயரையும் மனையையும் ஐந்நூறு ஆண்டுகளாக ஊரார் அறிந்திருந்தனர். சாசர் படைத்த விடுதியாளராகிய ஹாரி பெய்லியைப் போன்றே, ஹென்றி பெய்லி என்னும் பெயருடைய விடுதியாளர் ஒருவர் அக்காலத்துச் சவுத்வார்க்கில் வாழ்ந்தமைக்கும் ஆவணச் சான்று உண்டு. தீக்குப்பின் எழுந்த கட்டடமாயினும், அதே மனையில் அதே தொழிலை நடத்திவந்த விடுதி அது. 1873-இல் இங்கிலாந்தில் சாசரைக் கற்றோர் எத்துணைப் பேர்! கற்பித்தோர் எத்துணைப் பேர்! அவர்தம் கல்வி ஒரு செங்கல்லையேனும் தடுத்து நிறுத்தவில்லை. 130 ஆண்டுகள் கழித்து, 2003-இல், அவ்விடத்தில் ஒரு நினைவுப் பலகை பதித்தனர். விடுதிக்கு ஈடாகப் பலகை!

ஒயிட் ஹார்ட்டின் நிலையும் அதுவே. பிக்விக் கதையைப் படித்துச் சிரித்த தலைமுறை இறந்துபடுமுன்னரே அவ்விடுதி மறைந்தது. ஜார்ஜின் பெயரையும் டிக்கன்ஸ் பின்னர் 'லிட்டில் டாரிட்' என்னும் புதினத்தில் குறிப்பிட்டுள்ளார். ஆயின் அக்குறிப்பு போகிற போக்கில் வருவது. புகழே காக்கும் ஆற்றல் உடையதாயின் நிற்க வேண்டியவை மற்ற இரண்டுமே.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை கசப்பானது. நூலிற் பதிந்துவிட்டது என்னும் மன நிறைவே, நிலத்தில் இருப்பதை இழக்கத் துணிவு தந்துவிடுகிறது. 'சாசர் பாடிவிட்டார், அது போதும்' என்று கற்றவர் அமைதி கொள்கின்றனர். கல்லாதவரோ அதனை ஒழுகும் கூரையாகவும் விலைபோகும் மனையாகவும் மட்டுமே காண்கின்றனர். இருவருக்கும் நடுவே கடப்பாரை வந்துவிடுகிறது.

காத்தது எது?

அங்ஙனமாயின் ஜார்ஜின் எஞ்சிய பகுதியைக் காத்தது எது? சிலருடைய செயல், சட்டம், தொடர்ந்த பயன்பாடு ஆகிய மூன்றும் என்பது எம் துணிபு.

முதலாவது, சிலருடைய செயல். 1875-இல் இலண்டனில் 'ஆக்ஸ்போர்டு ஆர்ம்ஸ்' என்னும் மற்றொரு விடுதி இடிபடவிருந்தது. அதனைத் தடுக்க வலிமையற்ற ஒரு சிறு குழுவினர், படமேனும் எடுத்து வைப்போம் என்று கூடினர். பழைய இலண்டனின் எச்சங்களைப் படம் பிடிக்கும் கழகம் அவ்வாறு தோன்றிற்று. 1886 வரை அவர்கள் வெளியிட்ட படங்கள் 120. சவுத்வார்க் விடுதிகளும் அவற்றுள் அடங்கும். விடுதி போயிற்று, ஆயின் அதன் மாடமும் முற்றமும் எப்படி இருந்தன என்பது போகவில்லை. 1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினார். அவர் கவிஞர் என்பது எம் போன்றோர்க்குச் சற்றே ஆறுதல் தரும் செய்தி. 1895-இல் தேசிய அறக்கட்டளை தோன்றியது.

இரண்டாவது, சட்டம். 1882-இல் வந்த தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முற்பட்ட கற்சின்னங்களையே கருதியது. மனிதர் புழங்கும் விடுதியை அது தீண்டவில்லை. இடைப்பட்ட வெற்றிடத்தில்தான் 1889-இன் இடிப்புகள் நிகழ்ந்தன. 1937-இல் ஜார்ஜ் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. கொடையாக ஈந்தது யார் தெரியுமா? இரு புறங்களை இடித்த நிறுவனம் பின்னாளில் எதனோடு இணைந்ததோ, அந்த இலண்டன் வடகிழக்கு இருப்புப்பாதை நிறுவனமே! ஒரு தலைமுறை இடித்ததன் மிச்சத்தை மறு தலைமுறை கொடையாகத் தந்தது. நிறுவனங்களும் மனந்திருந்தக்கூடும் என்பதற்கு இது சான்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நகரமைப்புச் சட்டங்கள் வந்து, சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிடும் முறை உருவாயிற்று. இன்று ஜார்ஜ் அப்பட்டியலில் முதல் தரத்தில் உள்ளது.

மூன்றாவது, தொடர்ந்த பயன்பாடு. அறக்கட்டளை அதனைக் கண்ணாடிப் பேழையாக்கிவிடவில்லை. இன்று அங்கு இரவில் தங்குவார் இல்லை; எனினும் அடுப்பு எரிகிறது, மக்கள் வந்து உண்கின்றனர். கதவு திறந்து மூடப்படும் வீட்டில் கரையான் எளிதில் ஏறாது என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

மறுப்புக்கு மறுமொழி

இக்கட்டுரையைப் படிக்கும் பெரியவர்களுள் சிலர், "மது விற்கும் மனையைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதலாமா?" என வினவக்கூடும். வினா நியாயமானதே. அங்கு அன்றும் மது விற்றனர், இன்றும் விற்கின்றனர். அதனை மறைப்பது வாய்மையாகாது. அதனை ஏற்பது எம் கொள்கையுமாகாது. ஆயின் ஒரு நாட்டார் தம் பழமையைக் காத்த முறையைக் கற்க, அவர்தம் பழக்கங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டுவதில்லை. அடுப்பங்கரையிலிருந்து நெருப்பை மட்டும் வாங்கி வருவது நம் ஊர்களில் வழக்கந்தானே!

"அது வாணிகம்; நம்முடையது அறம். காசு வாங்கிய விடுதியை இத்துணைப் புகழ்வதேன்?" என்பார் வேறு சிலர். உண்மைதான். வழிப்போக்கனுக்குச் சோறிடுவதை அறமாகக் கொண்டது நம் மரபு. அவ்வாறாயின் நம் கடமை குறைந்ததா, மிகுந்ததா? காசு வாங்கிய விடுதியின் ஒரு பக்கத்தை அவர்கள் இவ்வளவு பேணுகின்றனர். காசு வாங்காத விடுதிகளை நாம் எவ்வளவு பேணியிருக்க வேண்டும்!

நம் கடன்

இங்கு எம் குற்றத்தை எம் வாயாலேயே கூறிவிட விரும்புகின்றோம். எம்.பில். ஆய்வுக்காக ஆற்றுப்படை நூல்களில் வழிப்போக்கரும் விருந்தும் என்னும் பொருளில் யாம் எழுதிக்கொண்டிருந்த காலம். எம் ஊரில், சந்தைக்குப் போகும் வழியில், மாட்டு வண்டிக்காரர்கள் தங்கிய பழைய சத்திரமொன்று இருந்தது. தூண் வைத்த திண்ணை, நடுவே முற்றம், பின்னே மாடு கட்டும் கொட்டகை, அதற்கும் பின்னே கிணறு. நாள்தோறும் அதனைக் கடந்தே நூலகம் சென்றோம். ஒரு நாள் திரும்பும்போது அங்குக் கூரை இல்லை. மறு வாரம் தூண்களும் இல்லை. அடுத்த ஆண்டு அங்கே கடைகள் எழுந்தன. பாணன் எந்த ஊரில் என்ன உண்டான் என்பதற்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த யாம், கண்ணெதிரே நின்ற சத்திரத்தை ஒரு படமும் எடுத்து வைக்கவில்லை. அதற்குத் தூண்கள் எத்தனை என்று இன்று எவரேனும் கேட்டால் எம்மிடம் விடையில்லை. 1873-இன் ஆங்கிலப் பேராசிரியர்களைக் குறைகூற எமக்கு என்ன தகுதி?

ஆதலின் மாணவர்க்கு எம் வேண்டுகோள் இது. விடுமுறைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு பழைய சத்திரத்தையோ, முசாபர்கானாவையோ, சுமைதாங்கியையோ தேர்ந்துகொள்க. அதன் நீள அகலத்தை அளக்க. தூண்களை எண்ணுக. நாற்புறமும் படம் எடுக்க. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் படக்கருவி உள்ளது. கல்வெட்டோ பெயர்ப்பலகையோ இருப்பின் படியெடுக்க. ஊரில் முதியவர் ஒருவரிடம் அங்கு யார் தங்கினர், என்ன உண்டனர் என்று கேட்டு எழுதுக. கொண்டுவந்து தருவனவற்றைத் தமிழ்த்துறை தொகுத்து வைக்கும். இலண்டனில் அச்சிறு குழு 11 ஆண்டுகளில் 120 படங்கள் வெளியிட்டது. ஒரு வகுப்பு மாணவர் ஒரே விடுமுறையில் அதில் பாதியையேனும் எட்டலாம்.

ஊர்ப் பெரியவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய கட்டடங்களின் பொறுப்பு உங்கள் கையில் உள்ளது. அவற்றுள் சில ஒழுகுகின்றன என்பதையும், வருவாய் வேண்டும் என்பதையும் யாம் அறிவோம். எல்லாவற்றையும் காக்க இயலாது என்பதையும் அறிவோம். இடிப்பது என்று முடிவெடுக்குமுன் ஒரு திங்கள் பொறுத்து, எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள். மாணவர்களோடு வந்து அளந்தும் படமெடுத்தும் செல்வோம். முகப்பை நிறுத்திக்கொண்டு பின்புறத்தில் புதியது கட்ட இயலுமா என்று ஒரு கட்டடப் பொறியாளரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எஞ்சினாலும் போதும். ஜார்ஜில் எஞ்சியதும் ஒரு பக்கமே.

"அந்த விடுதி இன்னும் இருக்கிறதா?" என்று அம்மாணவர் கேட்ட வினாவிற்கு எம்மால் நாணத்துடனேயே விடை கூற முடிந்தது. நாளை மற்றொரு மாணவர் நம் ஊர்ச் சத்திரத்தைப் பற்றி அதே வினாவைக் கேட்பார். அன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர், "இருக்கிறது, வா, காட்டுகிறேன்" என்று சொல்லும்படி செய்வது நம் எல்லோருடைய கையிலும் உள்ளது.